சிறு கணினியும் அதன் காவலும்



கணினிகள் யாவும் பெருங்கட்டடங்களிலே குளிரூட்டிய அறைகளிலேதான் இருக்கின்றன என்று எண்ண வேண்டியதில்லை. குளிர்ச்சாலையின் வெப்பநிலையை அளப்பனவும், வயலுக்கு நீர் விடுவனவுமாகச் சீட்டுக்கட்டளவான கணினிகள் பல, வேலை நடக்குமிடத்திலேயே சுவரிற் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றை விளிம்புக் கணினிகள் என்பர். 2012 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்த றாஸ்பெரி பை இவ்வினத்திற் பலரும் அறிந்தது.

இவற்றில் ஓடும் மென்பொருளைக் கொள்கலன்களாகக் கட்டி அனுப்பும் முறை, 2013 இல் டொக்கர் வெளியானபின் பெருவழக்காயிற்று. கப்பலிலேற்றும் இரும்புப் பெட்டியின் பெயரே இதற்கும். ஒரு நிரலுக்கு வேண்டிய கோப்புகள் அனைத்தையும் ஒன்றாய் அடைத்துவிட்டால் எங்கும் அஃது ஒரே வகையாய் ஓடும் என்பது நம்பிக்கை. அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் கொள்கலன் தனிக் கணினி அன்று. நினைவகம், நேரம், வட்டு யாவற்றையும், தனக்கு இடங்கொடுத்த கணினியின் லினக்ஸ் கருவிடமே அது கேட்டுப் பெறுகின்றது. பழுது தேடுவோர் பெட்டிக்குள்ளேயே தேடி ஏமாறுவது இதனை மறப்பதனாலேதான்.

2021 ஜனவரியில் அல்பைன் லினக்ஸின் 3.13 ஆம் பதிப்பு வெளிவந்தது. உருவிற் சிறியதாதலால் அல்பைனை அடித்தளமாகக் கொண்டு கொள்கலன் கட்டுவோர் பலர். புதிய பதிப்பின்மேற் கட்டிய கொள்கலன்களைப் பெற்ற பழைய றாஸ்பெரி பைகளிலே ஒரு விந்தை நிகழ்ந்தது. கணினியின் நேரம் சரி. கொள்கலனுக்குள்ளே நேரம் பிழை. பைதன் நிரல்கள், கடிகாரத்தைப் பார்க்க அனுமதியில்லை என்று கூறித் தொடங்குமுன்னரே மடிந்தன. அதே மென்பொருள் மேசைமேலிருந்த 64 பிட் கணினியிலே குறையின்றி ஓடியது. குளிர்ச்சாலையின் எச்சரிக்கை நிரலொன்று இவ்வாறு மடிந்தால், உள்ளிருக்கும் மீன் கெடும்வரை ஒருவருக்கும் தெரியாது.

காரணம் 2038 ஆம் ஆண்டைப் பற்றியது. 32 பிட் கணினிகள் 1970 ஜனவரி 1 முதற் கழிந்த செக்கன்களை எண்ணி வருவன. அவ்வெண்ணிக்கை 2038 ஜனவரி 19 இல் நிரம்பி வழியும். அதற்கு முன்னேற்பாடாக, 64 பிட் அளவிலே நேரங் கேட்கும் புதிய அழைப்பை அல்பைன் கையாண்டது. அவ்வழைப்பைக் கரு அறியாதாயின் 'அப்படியொன்று இல்லை' என்று விடை வரும். உடனே பழைய அழைப்பாற் கேட்டுக்கொள்ளலாம். ஏற்பாடு நல்லதே. ஆனால், கொள்கலனுக்கும் கருவுக்கும் இடையே லிப்செக்கொம்ப் என்னும் நூலகத்தின் துணையோடு இயங்கும் காவல் ஒன்று உண்டு. பழைய காவலுக்குப் புதிய அழைப்பின் பெயரே தெரியாது. தெரியாததை 'இல்லை' என்னாது, 'அனுமதியில்லை' என்றது. இல்லை என்றால் வேறு வாயிலைத் தட்டுபவன், கூடாது என்றால் நின்றுவிடுவான் அல்லவா? கொள்கலனும் அவ்வாறே நின்றது.

சிலர் காவலையே நீக்கிவிட்டு ஓட்டினர். நிரல் ஓடியது மெய்தான். ஆயின், யாரும் பாராது வலையமைப்பிலே கிடக்கும் கணினியின் கதவைத் திறந்துவைப்பதைப் பரிகாரம் என்பது தகாது. அடியிலுள்ள லிப்செக்கொம்ப்பை 2.4.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்புக்கும், டொக்கரைக் குறைந்தது 19.03.9 க்கும் உயர்த்துவதே நேரிய மாற்று. கொள்கலனில் ஓரெழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதனைக் கண்டறியப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. கொள்கலன் மடியுமுன் பதிவேட்டில் எழுதிய கடைசி வரியை வாசித்து, நேரங் காட்டும் கட்டளையை வெளியே ஒரு முறையும் உள்ளே ஒரு முறையும் கொடுத்து ஒப்பிட்டாற் போதும். அவசரப்பட்டுக் கொள்கலனை நீக்கிப் புதிதாய் இறக்குபவர், பழைய பதிவையும் கூடவே அழித்துவிடுகின்றார்.

வேறு பழுதுகளிற் பலவும் அடியிலிருந்தே வருவன. 137 என்னும் முடிவெண்ணோடு மடிந்த கொள்கலன் வெளியிலிருந்து கொல்லப்பட்டது. பெரும்பாலும் நினைவகம் போதாமையே காரணம். டொக்கர் தன் இயல்பான அமைப்பிலே பதிவேட்டுக்கு எல்லை வைப்பதில்லையாதலால், அது வளர்ந்து வளர்ந்து சிறிய நினைவட்டையை நிரப்பிவிடக்கூடும். மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழிறங்கினால் றாஸ்பெரி பை எச்சரிக்கை எழுதும். மென்பொருளைப் பழிக்குமுன் மலிவான மின்வடத்தையும் ஒருமுறை பார்க்கலாம்.

2022 பெப்ரவரியில் றாஸ்பெரி பைக்கு 64 பிட் இயங்குதளம் முறையாக வெளியாயிற்று. அதிலே இந்த நேரக்குழப்பம் எழுவதில்லை. எனினும் பழைய 32 பிட் இயங்குதளத்தோடு பொருத்தி விட்டுச்சென்ற கணினிகளிலே, புதிய கொள்கலனை இறக்குமுன் அடியிலுள்ள இவ்விரு பதிப்பெண்களையும் பார்த்துக்கொள்வது, பழுது பார்ப்பவருக்கு ஒரு பிரயாணத்தை மிச்சப்படுத்தும்.