வாசனைத் தைலமும் அளவும்

(ஊரப்பாக்கத்தில் கூடிய மாதர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வீட்டிலிருந்தபடியே சோப்பும் மெழுகுவத்தியும் லோஷனும் செய்து நான்கு காசு சம்பாதிக்க வேண்டுமென்னும் ஆவல் நமது பெண்மணிகளிடம் வளர்ந்து வருவது மிகவும் சந்தோஷிக்கத் தக்கதே. ஆயினும் அத்தொழிலில் நாம் அசட்டை செய்யும் காரியம் ஒன்றுண்டு. அஃது யாதெனில், வாசனைத் தைலத்தை அளப்பது.

நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகின்றோம். சென்ற கோடையில் 200 கிராம் லோஷன் செய்து, அதில் ஒரு புட்டிமூடி தைலம் வார்த்தோம். வாசனை போதாதென்று தோன்றவே, இன்னொரு மூடியும் வார்த்தோம். அதைப் பூசிக்கொண்ட நமது தமக்கையாரின் கைகள் இரண்டு நாளில் சிவந்து தடித்துவிட்டன. பின்னர் நிறுத்துப் பார்த்தால், ஒரு மூடிக்கு 5 கிராம் பிடித்தது. ஒரு கிராம் போதுமான இடத்தில் பத்துக் கிராம் சென்றிருந்தது! மூக்கை நம்பியதே பிழை. ஒரே வாசனையைச் சிறிதுநேரம் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். அதன்பின் அது சொல்லும் தீர்ப்பு செல்லாது.

பொன்னைக் குன்றிமணியிட்டு நிறுத்தவர் நம் முன்னோர். கரண்டியால் அளந்தவர் எவருமிலர். தைலத்துக்கும் அவ்விதியே. ஒவ்வொரு தைலத்துக்கும் கனம் வேறு, துளியின் பருமனும் வேறு; ஆதலின் கரண்டிக் கணக்கும் துளிக் கணக்கும் உதவா. நகை நிறுக்கும் சிறிய மின்தராசு ஒன்று இத்தொழிலுக்கு அவசியம்.

இனி, எவ்வளவு என்னும் கேள்வி. உடம்பிலே தங்கும் லோஷனுக்கு நூற்றுக்கு அரை முதல் ஒன்று வரை போதும். அதாவது 500 கிராமுக்கு இரண்டரை முதல் 5 கிராம். கழுவிவிடும் சோப்புக்கு, அதில் சேரும் எண்ணெய்களின் எடையில் நூற்றுக்கு மூன்று. கிலோவுக்கு 30 கிராம். மெழுகுவத்திக்கு, மெழுகின் எடையில் நூற்றுக்கு ஆறு தொடக்கத்துக்குத் தக்கது. மெழுகு தாங்குவதற்கு மேல் வார்த்தால் தைலம் கசிந்து வெளிப்படும், சுடரும் எல்லை மீறி எரியும். மெழுகை நேர் நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குக.

இவை பொதுக்கணக்கு மாத்திரமே. 1973ஆம் ஆண்டில் ஏற்பட்ட இஃப்ரா என்னும் சர்வதேச நறுமணச் சங்கம், எந்த வாசனைப் பொருள் எவ்வகைச் சரக்கில் எவ்வளவு மிகலாகாது என்று வகுத்திருக்கின்றது. சோப்புக்கு ஒன்பதாம் வகை, மேனி லோஷனுக்கு ஐந்தாம் வகை, மெழுகுவத்திக்குப் பன்னிரண்டாம் வகை. தைலம் வாங்கும்போதே அதற்குரிய சான்றிதழைக் கேட்டுப் பெறுக. அதில் கண்ட எல்லை நமது கணக்கினும் குறைவாயின், அதுவே சட்டமென்று கொள்க. ஊதுவத்திக்கென்று விற்கும் எண்ணெயை உடம்புக்கு ஒருபோதும் சேர்க்கலாகாது.

"எமது தைலம் இயற்கையானது, தீங்கு செய்யாது" என்பாரும் உளர். கிராம்புத் தைலத்திலுள்ள யூஜினாலும், எலுமிச்சைப்புல் தைலத்திலுள்ள சிட்ராலும் இயற்கைப் பொருள்களே. அவற்றுக்கும் எல்லை விதித்திருக்கின்றனர். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலம் மேனியிலிருக்க, நமது ஊர் வெயிலில் நடந்தால் தோல் வெந்துபோகவுங்கூடும். அன்றியும், ஒரு பொருளுக்கு ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பெரும்பாலும் அது ஆயுள் முழுதும் தொடர்கின்றது. குழந்தையின் தோலில் நாம் செய்யும் பிழையை அக்குழந்தையன்றோ வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும்?

விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் பெறுதல் வேண்டும் என்பதையும் மறவாதிருக்க.

சகோதரிகளே! தராசு ஒன்று, குறிப்புப் புத்தகம் ஒன்று. இவ்விரண்டும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும். தேதி, தைலத்தின் பெயர், எடை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். நம்மை நம்பி வாங்குகிறவர்களின் தேகத்துக்குத் தீங்கு நேராதவாறு செய்வதே நாணயமான தொழில். எமது தமக்கையாருக்கு நேர்ந்தது உங்கள் இல்லங்களில் எவருக்கும் நேராதிருப்பதாக என்று கூறி, இச்சிறு சொற்பொழிவை முடித்துக்கொள்கின்றோம்.