கடைசி வீட்டுக்குத் தண்ணி வருமா?

குழாய் வலையமைப்பை வரைஞ்சாச்சு. இன்னைக்கு எல்லை நிபந்தனைகள். ஒவ்வொரு முனையிலும் அழுத்தம், ஓட்டம் ரெண்டுல ஒண்ணைத்தான் நாம கொடுக்கணும். இன்னொண்ணை மாடல் கண்டுபிடிக்கும். மேல்நிலைத் தொட்டிக்கு நீர்மட்டம் கொடுக்குறது சுலபம். சிக்கல் வீட்டு முனையிலதான்.

ஈபாநெட்ல வழக்கமா வீட்டுக்கு இத்தனை லிட்டர்னு தேவையைக் கொடுப்போம். அழுத்தமே இல்லைன்னாலும் அவ்வளவு தண்ணியும் போனதா அது கணக்கு எழுதிடும். அழுத்தம் மட்டும் மைனஸ் 15 மீட்டர்னு காட்டும். முழு வெற்றிடமே சுமார் மைனஸ் 10 மீட்டர்தாங்க! நிஜத்துல அந்தக் குழாயில வர்றது வெறும் காத்து.

2020-ல வந்த 2.2 பதிப்புல, அழுத்தம் குறைஞ்சா தண்ணியும் குறையற மாதிரி வைக்கலாம். நேரம் வச்சுத் தண்ணி விடுற ஊருக்கு நான் அதைத்தான் போடுவேன். அப்பதான் யார் வீட்டுக்குத் தண்ணி போகலைன்னு மாடல் ஒத்துக்கும்.