இளைக்கும் இருதயம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று நம்மைப் பணித்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் இருதயத் தளர்ச்சி. நாம் வைத்தியரல்லோம், பல்கலைக்கழகத்திலே இன்னும் பாடங் கேட்கும் மாணாக்கர். ஆதலின் படித்து அறிந்தவற்றை உங்கள்முன் வைப்பதே நமது வேலை. இப்பேச்சிலே மருந்துகளின் பெயர் சில வரும். அவற்றைக் கேட்டு எவரும் தாமாக மருந்து வாங்கவும் வேண்டாம், உண்டுவரும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

நம் எழுவைதீவிலே வயது சென்ற ஒருவர் இறங்குதுறையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது வழியில் இரண்டிடத்தில் நின்று மூச்சு வாங்கினால், "வயது போனால் இளைக்கத்தானே செய்யும்" என்கிறோம். கால் வீங்கினால் "நீர் இறங்கியிருக்கு" என்கிறோம். இரவிலே நிமிர்ந்து படுக்கமுடியாமல் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி உறங்கினால் "வாய்வு" என்று சொல்லி உள்ளியும் பெருங்காயமும் கொடுக்கிறோம். மூன்றையும் மூன்று குறைகளாக எண்ணுவது நமது வழக்கம். ஆனால் மூன்றும் ஒருவரிடத்தே கூடிவருமாயின், ஒரே நோயின் மூன்று அடையாளங்களாக இருத்தல் கூடும். அந்நோயே இருதயத் தளர்ச்சி. வைத்தியர்கள் 'இருதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். அப்பெயர் நமக்கு உவப்பானதன்று. கேட்பவர் இருதயம் நின்றுவிட்டது என்றே அஞ்சுவர். இருதயம் நிற்கவில்லை, உடம்பு கேட்கும் அளவுக்கு இரத்தத்தைச் செலுத்த இயலாமல் இளைக்கிறது, அவ்வளவே.

ஒருவருடைய கைமுட்டி அளவுள்ள அவ்வுறுப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடித்து, ஓய்ந்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் இரத்தத்தை அனுப்புகிறது. மாரடைப்பினால் தசையின் ஒரு பகுதி இறந்துபோனாலும், உயர் இரத்த அழுத்தம் பல்லாண்டு தாக்கினாலும், சலரோகத்தாலோ மதுவினாலோ தசை கெட்டாலும், சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் வால்வுகளைப் பழுதாக்கிவிட்டாலும் அது தளரும். அப்பொழுது உடம்பு ஒரு விபரீதத்தைச் செய்கிறது. இரத்த ஓட்டம் குறைந்ததைக் கண்ட உடம்பு, எங்கோ காயம்பட்டு இரத்தம் போய்விட்டதென எண்ணிக்கொள்கிறது. உடனே இருதயத்தை விரைந்து அடிக்குமாறு அட்ரினலின் முதலிய சுரப்புக்களை ஏவுகிறது; சிறுநீரகத்தைக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. களைத்துப்போன மாட்டுக்குச் சாட்டையடியும் கொடுத்து, வண்டியிலே சுமையையும் ஏற்றினால் எப்படியிருக்கும்? பிடித்துவைத்த நீர் காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுமுட்டாகவும் வெளிப்படுகிறது.

இந்நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கடலோடிகளான நம்மவர் கேட்டு மகிழத்தக்க வரலாறு ஒன்று இங்கே உண்டு. சுவீடன் நாட்டு லுண்ட் நகரிலே எட்லர் என்னும் வைத்தியரும் ஹேர்ட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும், மல்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கினர். இரும்பினுள்ளே வெடிப்பு உண்டா என்று கேளா ஒலியைச் செலுத்தி எதிரொலியால் அறியும் கருவி அது. கப்பலின் இரும்பைச் சோதித்த அவ்வொலியைக்கொண்டு 1953 ஆம் ஆண்டிலே மனித இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்று 'எக்கோ' என்று நாம் சொல்லும் பரிசோதனை அதன் வழிவந்தது. ஊசியில்லை, நோவில்லை. இருதயத்தின் இடது கீழறை நிறைந்திருக்கும்போது உள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது என்பதை அது காட்டும். 55 அளவுக்கு மேலிருந்தால் நலம். 40 அல்லது அதற்குக் கீழாயின் தசை நலிந்துவிட்டது என்று பொருள். ஆனால் 50க்கு மேல் இருந்தும் இளைப்பவர் பலர் உண்டு. அவர்களுக்குச் சுருங்கும் வலிமை இருக்கிறது, விரியும் இளக்கம் இல்லை; இருதயம் விறைத்துப் போயிருக்கிறது. முதிய பெண்களிடையே இவ்வகை மிகுதி.

மற்றையது ஓர் இரத்தப் பரிசோதனை. 1988 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் பன்றியின் மூளையிலே ஒரு பொருளைக் கண்டு, அதற்கு மூளையின் பெயரையே சூட்டினர். பின்னர் பார்த்தால், அதனை மிகுதியாகச் சுரப்பது மூளையன்று, இருதயமே! சுமை தாங்காமல் இழுபடும் இருதயம் அப்பொருளை இரத்தத்தில் விடுகிறது. பெயர் மட்டும் 'பி.என்.பி.' என்று பழையபடியே நின்றுவிட்டது. அதன் அளவு குறைவாயிருந்தால், இளைப்புக்குக் காரணம் பெரும்பாலும் வேறு என்று வைத்தியர் துணியலாம்.

இனி மருந்துகளுக்கு வருவோம். 1785 இல் இங்கிலாந்திலே வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர், நாட்டு மருந்துக்காரி ஒருத்தியின் கலவையிலிருந்து டிஜிட்டாலிஸ் என்னும் செடியின் குணத்தை அறிந்து நூலெழுதினார். அதற்குப் பின் நெடுங்காலமாக அச்செடியின் சத்தும், நீரை வெளியேற்றும் மாத்திரைகளும் தவிர வேறு வழி அதிகம் இருக்கவில்லை. அவை இளைப்பைத் தணித்தன. ஆயுளை நீட்டின என்று காட்ட இயலவில்லை.

பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியாகப் பிறந்த மருந்துக் குடும்பமே முதலில் அந்நிலையை மாற்றியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த எனாலாப்பிரில் என்னும் மருந்தைக் கடுமையாகத் தளர்ந்த 253 நோயாளரிடையே சோதித்து 1987 இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெறாதோரில் ஆறு மாதத்துள் இறந்தவர் நூற்றுக்கு 44, பெற்றோரில் 26.

அடுத்தது இன்னும் வியப்பானது. துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் 'பீட்டா' தடுப்பு மருந்துகள் தளர்ந்த இருதயத்துக்கு ஆகவே ஆகா என்று பாடப்புத்தகங்கள் கற்பித்தன. களைத்த மாட்டை இன்னும் மெதுவாக்குவதா என்பது அவர்கள் எண்ணம். சுவீடனிலே வாக்ஸ்டைன் என்பவரும் அவர் கூட்டத்தாரும் அம்மருந்தை மிகச் சிறிய அளவில் தொடங்கி 7 நோயாளருக்குக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975 இல் எழுதினர். பல்லாண்டுகள் எவரும் நம்பவில்லை. 1999 இல், 2,647 பேரைக் கொண்ட ஆராய்ச்சியிலே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ட பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது. சாட்டையைப் பிடுங்கிவிட்டால் மாடு தானே தேறும் என்பதை ஏழு பேரிடத்தில் கண்டவர்கள் இருபத்துநான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1999 இல் ஸ்பைரோனோலக்டோன் என்னும் பழைய மாத்திரையும் இறப்பைக் குறைப்பது தெளிவாயிற்று.

நாலாவது, சலரோகத்துக்கென ஆக்கப்பட்ட மருந்து. சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் டபாகிளிபுளோசினை 4,744 பேரிடம் சோதித்து 2019 இல் வெளியிட்ட முடிவிலே, நோய் முற்றுதலும் இருதய நோயால் இறத்தலும் சேர்ந்து நூற்றுக்கு 26 பங்கு குறைந்தன. சலரோகம் இல்லாதவரும் அதே பயனைப் பெற்றனர்! தக்க மருந்தின்றி இருந்த விறைத்த இருதயத்துக்கும் 2021 இல் இவ்வினத்து மருந்தொன்று பயன் தந்தது. டிஜிட்டாலிசின் கதையும் முடிந்துவிடவில்லை. அச்செடியினத்துச் சத்தாகிய டிஜிடொக்சின், மற்றை மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது நன்மை செய்வதாக 2025 இல் ஜெர்மனி முதலிய நாடுகளில் நடந்த ஆராய்ச்சி தெரிவித்தது. 240 ஆண்டுக்குப் பின் கிழவியின் செடி திரும்பி வந்திருக்கிறது.

மருந்து உண்டு; அது போய்ச் சேருகிறதா? நமக்கு அண்மையில், நம்மைப் போன்றே உண்டு வாழும் மக்களிடையே பார்த்த கணக்கு ஒன்று உண்டு. கேரளத்துத் திருவனந்தபுரத்திலே 2013 ஆம் ஆண்டில் இந்நோயுடன் வைத்தியசாலைகளிற் சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 61. மேல்நாடுகளில் எழுபதைத் தாண்டியவரைப் பிடிக்கும் நோய், நம்மவரைப் பத்தாண்டு முந்திப் பிடிக்கிறது. ஐந்தாண்டுக்குள் அவர்களில் நூற்றுக்கு 59 பேர் இறந்துபோயினர். தசை நலிந்தவர்களுள் வேண்டிய மருந்துகளெல்லாம் எழுதப்பெற்று வீடு திரும்பியவர் நாலில் ஒருவரே. இக்கணக்கைப் படித்தபோது நம் மனம் மிக வருந்தியது.

மருந்துகளை மாதக்கணக்கிற் காத்திராமல் விரைவாக முழு அளவுக்கு உயர்த்தி, அடிக்கடி பார்த்து வந்தால் என்ன நேரும் என்பதை 2022 இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டுகிறது. 1,078 பேரை இரு பிரிவாக்கினர். ஆறு மாதத்தில் இறந்தோ மீண்டும் வைத்தியசாலை சென்றோ போனவர் வழக்கமான முறையில் நூற்றுக்கு 23. விரைவு முறையில் 15. புதிய மருந்து ஒன்றும் அங்கே இல்லை. இருந்த மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள்.

இளைஞர்களே, இதுவரை முதியோரைப் பற்றியே பேசினோம் என்று நினையாதீர்கள். தசையே பிறப்பிலிருந்து பழுதுபட்டிருக்கும் 'கார்டியோமையோபதி' என்னும் தசைநோய்கள் இளவயதினரையும் பற்றும். விளையாடும்போது மயங்கி விழுதலும், குடும்பத்திலே இளவயதில் ஒருவர் திடீரென இறந்திருத்தலும் அதன் எச்சரிக்கைகள். அத்தகைய வீட்டிலே உடன்பிறந்தார் எல்லோரும் எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைப்பேற்றை அடுத்த மாதங்களில் வரும் தசைநோயும் ஒன்றுண்டு. தாயின் இளைப்பைப் பேற்றுக் களைப்பென்று விட்டுவிடலாகாது.

இதிலே தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலே ஆராய்ந்த தண்டபாணி என்பவரும், ஐதராபாத்தின் தங்கராஜும் பிறரும் 2009 இல் ஒரு முடிவை வெளியிட்டனர். இருதயத் தசைப் புரதம் ஒன்றுக்குரிய மரபணுவிலே 25 எழுத்துக்கள் விடுபட்டிருத்தல் தென்னாசிய மக்களில் நூற்றுக்கு 4 பேரிடம் உண்டென்றும், அவர்களுக்கு இருதயத் தளர்ச்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கென்றும் கூறினர். கோடிக்கணக்கான மக்கள்மேல் விழுந்த தீர்ப்பு அது. 2020 இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் மீண்டும் ஆராய்ந்தனர். தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் அவ்விடுபாடன்று. அதனோடு சிலரிடத்தில் மட்டும் கூடிவரும் வேறொரு சிறு மாற்றமே என்று கண்டனர். ஒருவன் செய்த குற்றத்துக்காக அவனோடு நின்ற ஊரார் அனைவரையும் பிடித்தது போலாயிற்று. ஆயினும் மதுரையார் அக்கேள்வியை எழுப்பியிராவிட்டால் உண்மைக் குற்றவாளியை எவரும் தேடியிருக்கமாட்டார் என்பது நமது எண்ணம்.

தசை மிகையாகச் சுருங்கும் அந்நோய்க்கென்றே ஆக்கிய மாவகாம்டென் என்னும் மருந்துக்கு 2022 இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதன் விலை நம்மவருக்கு எட்டாதது. அதனைப் பற்றி இங்கே நீட்டிப் பயனில்லை.

நம் தீவின் நிலைக்கு வருவோம். மேலே சொன்ன மருந்துகளின் குணம் உண்ணும் நாள்மட்டுமே நிற்பது. இளைப்பு நீங்கியது, இனி எதற்கு என்று விடுவோர் சில கிழமையில் மீண்டும் வீங்குவர். மருந்து தீர்ந்தபின் படகேற நினைப்பவருக்கு வாடைக்காற்று இடங்கொடாது. ஊர்காவற்றுறைக்குப் படகு ஓடாத நாட்கள் மாரியிலே எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் மாரி தொடங்குமுன் கிளினிக்கிலே நிலைமையைச் சொல்லி, கூடிய நாளுக்கு மருந்து கேட்டு வாங்கிவைத்தல் நன்று.

விரதம் பற்றியும் சொல்லவேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் நீருமின்றி இருப்போர் நம்மிடையே உளர். நீரை வெளியேற்றும் மாத்திரையும், முன்சொன்ன சலரோக மருந்தும் உண்பவர் அவ்வாறு பட்டினி இருப்பது ஆபத்து. மருந்தைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து. காப்புக் கட்டுமுன் வைத்தியரைக் கேட்டு, அவர் சொன்னபடி பாலோ பழமோ உண்டு விரதம் காப்பதை முருகன் குற்றமாகக் கொள்ளான்.

உப்பைப் பற்றி முன்னர் மிகக் கடுமையாகச் சொல்லி வந்தார்கள். உப்பை மிகவும் ஒறுத்ததனால் இறப்போ வைத்தியசாலைச் சேர்க்கையோ குறையவில்லை என்று 2022 இல் ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அதைக்கொண்டு கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் உத்தரவு கிடைத்ததாக எண்ணவேண்டாம். உயர் இரத்த அழுத்தத்தை வளர்ப்பது உப்பே. அவ்வழுத்தமே நாளடைவில் இருதயத்தைத் தளர்விப்பது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்நோயுடையவர் நாள்தோறும் காலையிலே, சிறுநீர் கழித்தபின், உண்ணுமுன், தம் நிறையைப் பார்க்கவேண்டும். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பன்று, நீர். கால் வீங்குவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் முன்னரே தராசு அதனைச் சொல்லிவிடும். அந்த முன்னறிவிப்பு, கடல் அமைதியாயிருக்கும் பகலிலே படகேறுவதற்கும், நடுச்சாமத்தில் மூச்சுக்குத் தவிக்கும் ஒருவரை வள்ளத்தில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு. எல்லா வீட்டிலும் தராசு இல்லை. சங்கத்தின் வாசிகசாலையில், பத்திரிகை மேசைக்கு அருகே, நிறை பார்க்கும் தராசு ஒன்றும் பெயரும் நிறையும் எழுதக் கொப்பி ஒன்றும் வைப்போமாயின், காலையிலே திறக்கும் முறைகாரர் அதனைக் கவனித்துக்கொள்ளலாம். நடந்துவர இயலாதவர் வீட்டுக்கு இளைஞர் ஒருவர் தராசைக் கொண்டுசெல்லலாம். செயலாளர் அவர்கள் இசைந்தால், அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக முன்மொழிய நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.