பழைய டிராக்டர் வாங்குமுன்



எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்தார். “வாத்தியாரய்யா, நான் இளவட்டமா இருந்தப்ப ஓட்டின மாதிரியே சாம்பல் நிற பெர்குசன் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 1948-ல செஞ்ச டீசல் வண்டியாம். தகட்டில இருக்கிற எழுத்தைப் படிச்சுச் சொல்ல வரணும்” என்றார். கையில் இருந்தது சேமநிதியில் மிஞ்சிய பணம். இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்பது ஒன்றே எனக்கு ஆறுதல்.

அவரோடு போய்ப் பார்த்ததையும், அதற்காக நான் படித்து அறிந்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை தயாரிக்கப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. 1958-ஆம் ஆண்டு சர் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்ததும் இந்த வகை வண்டியில்தான். ஆகவே, இதன்மீது முதியவர்களுக்குப் பாசம் இருப்பதில் வியப்பில்லை. அந்தப் பாசத்தை நம்பியே சிலர் விலை சொல்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, ஓட்டுநருக்கு எதிரே பொருத்தப்பட்டுள்ள தகடு. அதில் வகையைக் குறிக்கும் எழுத்துகளும் வரிசை எண்ணும் இருக்கும். டி.இ.20 என்றால் அமெரிக்கக் காண்டினென்டல் எஞ்சின் பூட்டிய தொடக்ககால வண்டி. டி.இ.ஏ.20 என்றால் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் பெட்ரோல் எஞ்சின். டி.இ.எஃப்.20 என்றால் டீசல். வரிசை எண்ணைக் கொண்டு, எந்த ஆண்டில் செய்தது என்று காட்டும் அட்டவணைகள் உண்டு.

பெரியவர் காட்டிய வண்டியின் தகட்டில் டி.இ.எஃப்.20 என்றிருந்தது. எஞ்சினும் டீசல்தான். எல்லாம் சரியாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால், இந்த டீசல் வகை 1951-ல்தான் வெளிவரத் தொடங்கியது. பிறகு எப்படி அது 1948-ஆம் ஆண்டு வண்டியாகும்?

நான் இதைச் சொன்னதும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “வயசில பொய் சொன்னவன் வேற எதில சொல்லியிருப்பான்னு பார்ப்போம்” என்றார். அதன்பின் அவரே ஆசிரியர், நான் மாணவன்.

தகட்டின் ஆணிகளைக் காட்டினார். வண்டி முழுதும் பழசு, ஆணிகள் மட்டும் புதுசு. இத்தகைய தகடுகள் புதிதாகவும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனவே தகட்டை மட்டும் நம்பக்கூடாது. எஞ்சினில் பொறித்த எண்ணையும் துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் மாற்றியிருப்பது குற்றமன்று. பல வண்டிகளில் மாற்றியிருப்பார்கள். அதை மறைத்து, அசல் வண்டியின் விலையைக் கேட்பதுதான் குற்றம். வண்டி பதிவு செய்யப்பட்டிருந்தால், இந்த எண்கள் பதிவு அட்டையோடு ஒத்திருக்கின்றனவா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, எஞ்சினைக் கிளப்புமுன் அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே கிளப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதே உண்மையான சோதனை. இந்த வண்டியில் கியர் கம்பியை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். வேறெங்காவது விசை வைத்துக் கம்பி இழுத்திருந்தால், அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று அறியலாம்.

பின்னர் எண்ணெய்க் கோலை உருவினார். எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. புதுச் சாயத்துக்குள் விரிசலோ ஒட்டுவேலையோ இருக்கலாம். பின்புறத் தூக்கும் கைகளில் கனம் ஏற்றிப் பார்த்தார். உயர்த்திய கனம் சிறிது நேரத்திலேயே இறங்கிவிட்டது. ஹைட்ராலிக் அமைப்பில் கசிவு.

விற்பவரிடம் சண்டை எதுவும் போடவில்லை. “போயிட்டு வர்றோம், தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

நேயர்களே, கண்ணும் கையும் கற்ற பாடம் அவருடையது; எழுத்தைப் படிக்கும் பழக்கம் என்னுடையது. ஒருவர் தனியாகப் போயிருந்தால் ஏமாந்திருப்போம். பழம்பொருள் வாங்கப் போகும்போது, படிக்கத் தெரிந்தவரையும் வேலை தெரிந்தவரையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். முன்பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே எண்களைப் பாருங்கள்.

பெரியவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பணம் பத்திரமாக இருக்கிறது.