ராணி தீர்மானிப்பதில்லை



தாய்க்கூட்டைப் பிரிந்து கிளையில் தொங்கும் தேனீக்களுக்குப் புதிய இடத்தை ராணி தெரிவுசெய்வதில்லை. சில நூறு தேனீக்கள் தேடிச் சென்று, கண்ட பொந்தை நடனமாடி அறிவிக்கின்றன. மற்றவை நேரிற் சென்று பார்த்த பின்பே தாமும் ஆடுகின்றன. கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோமஸ் சீலி இதை விரிவாக ஆராய்ந்தவர்.

வைத்தியர்களாகிய நாமும் இப்படிப் பழகவேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலின்படி, கத்தி வைக்குமுன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும். அப்போது வாய் திறந்த இளந்தாதி, பிழையொன்றைக் கண்டால் மீண்டும் பேசத் துணிவார். அவர் மௌனமாயிருந்தால் இழப்பு நோயாளிக்கே.

நம் சங்கத்தின் வேலைகளிலும், மூத்தவர் சொன்னாரென்று தலையாட்டாமல் நாமே போய்ப் பார்ப்போம், பார்த்ததைச் சொல்வோம். நேற்றுப் பாடசாலையை விட்டு வந்த தங்கையின் சொல்லையும் கேட்போம்.