கடனை எழுதி வையுங்கள்

(கொடுமுடியில் ஜுமுஆ தொழுகைக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "மொத்தக் கடன் எவ்வளவு?" என்பதுதான். பலருக்குப் பதில் தெரிவதில்லை. கணவர் சொல்லும் தொகையில் மனைவி குழுவில் வாங்கியது இருக்காது. மனைவிக்குத் தண்டல்காரர் கணக்குத் தெரியாது.

குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. நாமோ பால் கணக்கை எழுதுகிறோம், கடனை எழுதுவதில்லை. இன்று இரவே கணவனும் மனைவியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பிறகு எது வீட்டை வேகமாக அரிக்கிறது என்று பாருங்கள்.

தண்டலையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று பேர். கையில் வருவது 8,500. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். 1,500தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினமும் குறைகிறது. சராசரியாக நம்மிடம் இருந்தது அதில் பாதிதான். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். முதலில் முடிக்க வேண்டியது இதுதான். மளிகைக் கடைப் பாக்கிக்கு வட்டி இல்லை. கடைக்காரரிடம் நேரில் சொல்லி, வாரம் ஏதோ கொஞ்சம் கொடுத்து வாருங்கள். அந்தத் தெருவையே சுற்றிப் போவதுதான் அவருக்கு வருத்தம்.

குழுக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. எல்லாத் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. ஆனால் ஒரு குழுத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவதை எந்த விதியாலும் தடுத்துவிட முடியாது. அதை நாம்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்து நகை. மனைவியின் நகையும் மஹரும் மனைவியின் சொத்து. கணவர் அதை அடகு வைத்திருந்தால், அதையும் மனைவிக்குத் தர வேண்டிய கடனாக அந்தத் தாளில் எழுத வேண்டும். சிரிக்கிறீர்கள், ஆனால் மார்க்கம் அப்படித்தான். வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி அதே நகையைத் திருப்பி வைக்கிறவர்கள் இங்கேயே பலர் இருக்கிறீர்கள். பவுன் விலை ஏறும், விற்கக் கூடாது என்பார்கள். விலை ஏறியிருப்பதால்தான் யோசிக்கச் சொல்கிறோம். மனைவி சம்மதித்தால் மூன்றில் ஒன்றை விற்று மற்ற இரண்டை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வலிமாவுக்கு எத்தனை தேக்சா பிரியாணி என்பதையும் இந்தத் தாளைப் பார்த்தபின் முடிவு செய்யலாம். ஊர் பேசும், இரண்டு நாளில் மறந்தும் விடும்.

கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். இதைச் சொல்லிக் கடனாளியை மிரட்டுகிறவர்கள் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. பின்னாளில் வசதி வந்தபோது, அடைக்க வழியின்றி இறந்தவர்களின் கடனை நபியவர்களே பொறுப்பேற்றார்கள். ஜக்காத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் ஒரு வகை. வசதியுள்ளவர்களே, சேலையும் அரிசியும் பங்கிடுவதோடு நிறுத்தாமல், ஒரு குடும்பத்தின் தண்டலை முழுதாக அடைத்துக் கொடுங்கள். நீங்கள் கொடுத்த கடனைத் திருப்ப முடியாமல் தவிப்பவருக்கு அவகாசம் கொடுங்கள். தள்ளுபடி செய்தால் அது தர்மம் என்று 280ஆம் வசனம் சொல்கிறது.

தாளை எழுதியவர்கள் அறக்கட்டளைக்குக் கொண்டு வாருங்கள். பெண்கள் தனியே வந்தாலும் பேசலாம். பெயரும் தொகையும் வெளியே போகாது. ரமலானுக்கு முன்பே வந்தால், ஜக்காத் வரும்போது யாருடைய எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு நேரம் இருக்கும்.