தரகர் கேட்கும் கேள்வி

வெளிமாநிலத்தில் வாழும் நம் அனைவருக்கும் வீடு தேடி அலைந்த அனுபவம் உண்டு. வீட்டுத் தரகரை நாம் பரிகசித்தாலும், நல்ல தரகரிடம் ஒரு நெறி உண்டு. குடியிருக்கப் போகிறவருக்கு வீட்டைக் காட்டி, “உமக்குச் சம்மதமா?” என்று கேட்காமல் அவர் பேரத்தை முடிக்கமாட்டார். வில்லங்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விடமாட்டார்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையில் இவ்விரண்டும் தவறின. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் கதி ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டது. அம்மக்களின் சம்மதம் பெற்று இத்தொகைகள் வகுக்கப்படவில்லை.

அவ்வாறு வந்தோருள் சில குடும்பங்கள் நம் நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கச்சாலில், ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலை கிள்ளிப் பழகிய கைகள் அங்கே ரப்பர்ப் பால் எடுக்கக் கற்றன. கணக்கும் முற்றாக நிறைவேறவில்லை. இலங்கையிலேயே தங்கிவிட்டோருக்கு அந்நாடே 2003இல் சட்டமியற்றிக் குடியுரிமை வழங்கிற்று.

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அவ்வுடன்படிக்கையில் ஒன்று புலப்படுகிறது: அதில் இரு அரசுகள் பேசுகின்றன, மக்களோ பேசப்படுகின்றனர். பேசப்படுவோரையும் கேட்டபின் கையெழுத்திடுவதே அரசியலார் தரகரிடம் கற்கத்தக்க பாடம்.